ஜுமாவின் முகத்தில் பென்சில்

ஜுமாவின் நெகட்டிவை டியூப்லைட்டுக்கு நேரே தூக்கிப் பிடித்தபோதுதான் எனக்கு அது உறைத்தது.

நெகட்டிவில் எல்லாம் தலைகீழ். வெள்ளைச் சட்டை கரியாக விழும். கறுத்த முகம் கண்ணாடி மாதிரித் தெளிந்து நிற்கும். என் கையிலிருந்த பிலிம் துண்டில் ஜுமாவின் முகம் தெளிந்து நிற்கவில்லை. நெற்றி, கன்னம், மூக்குத்தண்டு எல்லாம் சாம்பல் படிந்தாற்போல மங்கியிருந்தது. கண்ணுக்குக் கிட்டே கொண்டுவந்து சாய்த்துப் பார்த்தேன். பென்சில்! எறும்பு ஊர்ந்த தடம் மாதிரிப் பொடிப்பொடிக் கோடுகள், முகம் முழுக்க.

"மாமா, இவன் முகத்துல டச்சிங் பண்ணியிருக்கீங்களா?"

மாமா லென்ஸைத் துடைத்துக்கொண்டிருந்தார். திரும்பக்கூட இல்லை.

"ஏன், எல்லாருக்கும் பண்றதுதானே? அவனுக்கு மட்டும் வஞ்சனை பண்ணணுமா?"

போட்டோ எடுக்க உட்காரும் ஸ்டூலில் ஜுமா உட்கார்ந்திருந்தான். கீழுதடு ஒரு பக்கம் வீங்கியிருந்தது. கையில் டீ கிளாஸ். சூடு உதட்டில் படும் என்று குடிக்காமல், மரியாதைக்காக மட்டும் பிடித்துக்கொண்டிருந்தான்.

போன வாரம் இதே பக்கத்தில், நான் காலேஜ் லேபில் உடைத்த லென்ஸைப் பற்றி எழுதியிருந்தேன். அப்போது பக்கத்தில் நின்று சிரித்தவன் என்று சொன்னேனே, அவன்தான் ஜுமா. கென்யாவிலிருந்து மைசூருக்குப் படிக்க வந்தவன். ஆங்கில எழுத்து வரிசையில் ஜே-க்கு அடுத்தது கே. அதனால் பிசிக்ஸ் லேபில் ஜுமாவுக்கு ஜோடி கலா. நான்.

மாமா என் அம்மாவின் தம்பி. தேவராஜ மொஹல்லாவில் ஒரு ஊதுவத்திக் கடைக்கு மேல்மாடியில் ஸ்டூடியோ வைத்திருந்தார். படியேறி வந்தால் படம் கழுவும் ஹைப்போ வாடை, இறங்கிப் போனால் சந்தன வாடை. நான் அவர் வீட்டில் தங்கித்தான் படித்தேன். காலேஜ் இல்லாத நேரமெல்லாம் எனக்கு அந்த மாடிதான்.

நான் நெகட்டிவைத் தூக்கிப் பிடித்தது ஒரு திங்கட்கிழமை. அதற்கு முந்தின சனிக்கிழமை சாயங்காலம் ஜுமா மார்க்கெட்டில் வாழைப்பழக் கடை முன்னால் நின்றிருக்கிறான். ஒரு அம்மாளின் பர்ஸைக் காணோம் என்று கூச்சல். யாரோ "அந்தக் கரியன்" என்று கை நீட்டியிருக்கிறார்கள். அவ்வளவுதான். இரண்டு போலீஸ்காரர்கள் வந்து அவனை ஸ்டேஷனுக்குக் கூட்டிக்கொண்டு போய்விட்டார்கள். எந்த ஸ்டேஷன் என்று எழுத வேண்டாம் என்பது ஜுமாவின் வேண்டுகோள்.

பர்ஸ் அப்புறம் அந்த அம்மாளின் கூடையிலேயே, முட்டைக்கோசுக்கு அடியில் கிடைத்தது. அதற்குள் ஜுமாவை அடித்திருந்தார்கள். வெளிநாட்டு மாணவர்கள் கையோடு வைத்திருக்க வேண்டிய பர்மிட் புத்தகத்தையும் வாங்கிக்கொண்டார்கள். "இதுல இருக்கிற போட்டோ நீ இல்லை. இது யாரோட புத்தகம்?" என்று கேட்டார்களாம்.

பர்ஸ் கிடைத்த பிறகும் புத்தகத்தைத் தரவில்லை. வெளிநாட்டுக்காரர்களைப் பதிவு செய்யும் ஆபீசுக்கு அனுப்பிவிட்டார்கள். திங்கட்கிழமை சாயங்காலத்துக்குள் அங்கே போய், படத்திலிருப்பது தான்தான் என்று அவன் காட்ட வேண்டும். இல்லையென்றால் கள்ள டாகுமென்ட் வைத்திருந்ததாகக் கேஸ். புத்தகம் இல்லாமல் காலேஜில் ஹால் டிக்கெட் தரமாட்டார்கள். பரீட்சை அடுத்த வாரம். கேஸ் என்று ஆகிவிட்டால் பரீட்சை என்ன, ஆளையே ஊருக்கு அனுப்பிவிடுவார்கள்.

"இங்கே எடுத்ததுன்னு ஒரு ரசீது கிடைக்குமா?" என்று கேட்கத்தான் வந்திருந்தான்.

"பாஸ்போர்ட் சைசுக்கு எவன் தம்பி ரசீது போடறான்?" என்றார் மாமா.

ரசீது இல்லாவிட்டால் நெகட்டிவாவது இருக்கும் என்று பெட்டியைக் குடைந்தபோதுதான் பென்சிலைப் பார்த்தேன். எனக்குத் தலைகால் புரியவில்லை. "கண்டுபிடிச்சுட்டேன்! படத்துல தப்பு! உன்மேல இல்ல, படத்துலதான் தப்பு!" என்று குதித்தேன். ஜுமா என்னையே பார்த்தான்.

கொசுறாக ஒரு வெளுப்பு

மாமாவை வில்லனாக்கிவிடாதீர்கள். அவர் செய்தது தொழில் தர்மம்.

ஸ்டூடியோவுக்கு வருகிறவர்களில் பாதிப் பேர் வாய்விட்டே கேட்பார்கள். "ஸ்வல்ப பெள்ளகே பரலி சார்." கொஞ்சம் வெளுப்பாக விழட்டும். மீதிப் பாதி கேட்கக் கூச்சப்பட்டு, எழுந்து போகும்போது கதவருகே ஒரு விநாடி தயங்கும். அந்தத் தயக்கத்தை மாமா படித்துவிடுவார். உப்புத்தாளில் ஊசி மாதிரி தேய்த்த பென்சிலை எடுத்து, நெகட்டிவில் முகம் இருக்கும் இடத்தில் கோடு கோடாகப் போடுவார். நெகட்டிவில் பென்சில் ஏற ஏற, பிரிண்டில் முகம் வெளுத்துக்கொண்டே வரும். இதற்குக் காசு கிடையாது. காய் வாங்கினால் கொத்தமல்லி கொடுக்கிற மாதிரி, படம் எடுத்தால் கொஞ்சம் வெளுப்பு. கொசுறு.

மாமாவே நல்ல கறுப்பு. ஸ்டூடியோ சுவரில் அவருடைய படம் ஒன்று தொங்கும்; அதில் ஆள் தயிர் நிறம். புதிதாக வருகிறவர்கள் படத்தைக் காட்டி, "ஓனர் இல்லையா?" என்று மாமாவிடமே கேட்பார்கள்.

ஜுமா தன் பர்மிட் படத்தை முதலில் வாங்கிய அன்று விழுந்து விழுந்து சிரித்தான். "இவன் நல்லாப் படிக்கிற பையன் மாதிரி இருக்கான். பரீட்சைக்கு இவனை அனுப்பிடலாம்" என்றான். ஒரு காப்பியை அவன் அம்மாவுக்கு அனுப்பினான். அம்மா பதறிப்போய்ப் பதில் எழுதினாளாம்: உனக்கு உடம்புக்கு என்ன, அங்கே சாப்பாடு போடுகிறார்களா இல்லையா?

அம்மா என்றதும் இன்னொன்று. ஜுமாவின் மொழியில் மாமா என்றால் அம்மா. நான் மீசை வைத்த ஒரு ஆளை "மாமா, மாமா" என்று கூப்பிடுவதைக் கேட்டு முதல் நாள் மிரண்டு போனான். இரண்டாம் நாளிலிருந்து அவனும் அப்படியே கூப்பிட ஆரம்பித்தான். மாமாவுக்கு அதில் ஏகப் பெருமை. விஷயம் தெரிந்த பிறகு இன்னும் பெருமை.

கனமான புத்தகம்

மார்க்கெட்டுக்கு வாழைப்பழம் வாங்கப் போகிறவன் பிசிக்ஸ் புத்தகத்தை ஏன் தூக்கிக்கொண்டு போகிறான்?

ஜுமா போவான். எங்கே போனாலும் போவான். தலையணை கனத்துக்கு இருக்கும் அந்தப் புத்தகம் கக்கத்தில் இருக்கும், அட்டை வெளியே தெரிகிற மாதிரி. பஸ் கிளம்பினாலும் ஓடமாட்டான். அடுத்த பஸ்ஸுக்கு நிற்பான். கையைப் பாக்கெட்டுக்குள் விடமாட்டான். கடைக்காரர் கேட்பதற்கு முன்பே "நமஸ்கார" சொல்லிவிடுவான். நான் ஒருநாள் கேட்டேன்.

"இது எதுக்கு எப்பப் பாரு சுமந்துக்கிட்டு?"

"திருடன் இவ்வளவு கனத்தோட ஓட முடியாதில்ல?" என்றான். சிரித்துக்கொண்டேதான் சொன்னான்.

அதைக் கேட்டபோது எனக்கு எங்கள் அண்ணன் ஞாபகம் வந்தது. அண்ணன் ஹனூரில் விவசாயம் பார்க்கிறான். என்னைப் பார்க்க மைசூருக்கு பஸ் ஏறுவான். அது சந்தனக்கட்டை கடத்தினவனைப் போலீஸ் காட்டுக்குள் தேடிக்கொண்டிருந்த காலம். வழியில் பஸ்ஸை நிறுத்துவார்கள். ஒவ்வொரு தடவையும் அண்ணனைத்தான் இறங்கச் சொல்வார்கள். கறுப்பு, உயரம், மீசை, வாயைத் திறந்தால் தமிழ். இவ்வளவு போதும்.

அதற்கு அண்ணன் ஒரு வழி கண்டுபிடித்து வைத்திருந்தான். மீசையை ஒட்ட வெட்டிக்கொள்வான். ஏறும்போதே ஒரு கன்னடப் பேப்பரை வாங்கி, சினிமாப் பக்கம் மேலே வருகிற மாதிரி மடித்துத் தொடைமேல் வைத்துக்கொள்வான்.

"அப்புறம் எறக்கலியாண்ணா?"

"எறக்குனாங்க கண்ணு. பேப்பரைப் புடுங்கி அவன் படிச்சுட்டுக் குடுத்தான்" என்பான். அதோடு விடமாட்டான். "பஸ்ஸு நெறைய சனம். என்னைய மட்டுந்தான் அவனுக்குக் கண்ணுத் தெரியுது. நம்ம மொகராசி அப்படி!"

அண்ணனைத் திட்டுவார்கள், தள்ளுவார்கள், வெயிலில் நிற்க வைப்பார்கள். அடித்தார்களா என்று நான் கேட்டதில்லை. அவனும் சொன்னதில்லை. கல்யாணம் ஆகாத தங்கச்சியிடம் எந்த அண்ணன் அதைச் சொல்வான்?

அந்தச் சனிக்கிழமையும் ஜுமாவின் கக்கத்தில் புத்தகம் இருந்தது. அதை வாங்கி அதாலேயே அவன் தலையில் அடித்தார்களாம். திங்கட்கிழமை அட்டை இல்லாமல் ஸ்டூலுக்குக் கீழே கிடந்தது.

சாம்பல் கம்பளி

புதிதாகப் படம் எடுத்துவிடலாம் என்றேன். பழைய நெகட்டிவையும் புதுப் படத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால் குருடனுக்கும் புரிந்துவிடும்.

"டச்சிங் இல்லாம எடுத்தா முகம் கரிக்கட்டை மாதிரி விழும்டி" என்றார் மாமா. "கண்ணும் பல்லுந்தான் தெரியும். அதைக் கொண்டுபோய்க் குடுத்தா இன்னும் ரெண்டு போடு போடுவாங்க."

அவர் சொன்னதில் பாதி உண்மை. மாமா பின்னால் வெள்ளைத் திரையைப் போட்டு, எதிரே இரண்டு விளக்கை வைத்து, வருகிற எல்லாருக்கும் ஒரே அளவில் கேமராவைத் திறப்பார். அந்த அளவு யாருக்காக ஏற்பட்டது என்று யாரும் யோசித்ததில்லை. வெள்ளைத் திரைக்கும் வெள்ளைச் சட்டைக்கும் அது சரி. அந்த வெளிச்சத்தில் ஜுமா மட்டுமா, மாமாவே கரிக்கட்டையாகத்தான் விழுவார். அப்புறம் பென்சில் வந்து காப்பாற்றும்.

நான் ஒளியியல் படிக்கிறவள். எனக்கு அன்று வந்த வேகத்தில் மாமாவை அவர் கேமராவிடமிருந்தே தள்ளிவிட்டேன். வெள்ளைத் திரையைச் சுருட்டினேன். மாமா மழைக்காலத்தில் போர்த்திக்கொள்ளும் சாம்பல் கம்பளியை ஆணியில் மாட்டினேன். லென்ஸை இரண்டு கட்டம் கூடுதலாகத் திறந்தேன்.

"வெளிச்சம் அதிகமாயிடும் கழுதை."

"கம்பளிக்கு அதிகம் மாமா. அவனுக்குச் சரியா இருக்கும்."

"உதட்டை மட்டும் லேசா ஒரு தொடு தொட்டுடட்டுமா? வீக்கமா இருக்கே பாவம்."

ஜுமா ஸ்டூலில் நிமிர்ந்து உட்கார்ந்தான். "வேண்டாம் மாமா. இன்னிக்கு என் உதடு இப்படித்தான்."

டார்க்ரூமில் சிவப்பு விளக்கின் கீழே தாளைத் தட்டில் போட்டு ஆட்டினேன். மாமா என் தோளுக்கு மேலே எட்டிப் பார்த்தார். முதலில் கம்பளியின் சுருக்கம் வந்தது. அப்புறம் காது. அப்புறம் முகம் வந்தது. வந்தது, வந்துகொண்டே இருந்தது.

கறுப்பு என்று ஒற்றை வார்த்தையில் சொல்லிவிடுகிறோம். அந்தத் தாளில் எத்தனை கறுப்பு! நெற்றியில் ஒன்று, கண்ணுக்கடியில் வேறொன்று, கன்னத்து மேட்டில் வெளிச்சம் வழுக்கிக்கொண்டு போகிற இடத்தில் இன்னொன்று. இடது புருவத்தை வெட்டிக்கொண்டு ஒரு சின்னத் தழும்பு இருந்தது. இரண்டு வருஷமாக லேபில் பக்கத்தில் நிற்கிறேன், அதை நான் பார்த்ததே இல்லை.

ஈரத்தோடு கொண்டுவந்து காட்டினேன். ஜுமா ரொம்ப நேரம் பார்த்தான்.

"இவனை எனக்குத் தெரியும்" என்றான்.

மாடிப்படி

பிரச்சினை மாமாவிடம் வந்து நின்றது. டச்சிங் செய்தவர் வந்து "நான்தான் செய்தேன்" என்று சொன்னால்தானே செல்லும்?

"என்னால ஆகாது கலா" என்றார் மாமா. "போலீஸ் ஆபீஸ் படியை நான் மிதிச்சதில்ல. மிதிக்கவும் மாட்டேன்."

கோழைத்தனம் என்று நினைக்காதீர்கள். காவிரித் தண்ணீருக்காக ஊரில் கலாட்டா நடந்த வருஷம், மாமாவே ஏணி போட்டு ஏறி, கடைப் பலகையிலிருந்த தமிழ் எழுத்துகளைச் சுரண்டி எடுத்தார். அதற்குப் பிறகு யார் கண்ணிலும் படாமல் இருப்பதே அவருக்குப் பழக்கமாகிவிட்டது. பதினெட்டு வயதில் வந்து, இந்த ஊர்க் கல்யாணங்களுக்கெல்லாம் படம் எடுத்தவர். இன்றும் யாராவது "நிம்து யாவ ஊரு?", உங்களுக்கு எந்த ஊர், என்று கேட்டால் எச்சில் விழுங்கிவிட்டுத்தான் பதில் சொல்வார்.

"அவங்க ஏன் பொய்யா வெளுக்க வெச்சேன்னு கேட்டா? கவர்மென்ட் புத்தகத்துக்குப் போற படம்டி! என்னையும் சேர்த்து உள்ளே வெச்சா?"

நான் கத்த ஆரம்பித்தேன். ஜுமா எழுந்துவிட்டான். "கலா, விடு. நான் போய்ப் பேசிக்கிறேன். தேங்க்ஸ் மாமா." படத்தையும் நெகட்டிவையும் வாங்கிக்கொண்டு படியிறங்கப் போனான்.

எங்கள் படி செங்குத்தானது. வழக்கமாக மூன்று மூன்று படியாகத் தாவி இறங்குகிறவன், அன்று சுவரைப் பிடித்துக்கொண்டு, ஒவ்வொரு படியிலும் இரண்டு காலையும் வைத்து இறங்கினான். முதுகை வளைக்காமல், கண்ணாடிச் சாமான் சுமக்கிறவன் மாதிரி. மாமா மேலே நின்று பார்த்துக்கொண்டே இருந்தார். அவன் பாதிப் படி இறங்குவதற்குள் உள்ளே போய் இஸ்திரி போட்ட சட்டையை மாட்டிக்கொண்டு வந்துவிட்டார்.

"பென்சில் புடிச்சது என் கைதானே" என்றார், பித்தானைப் போட்டுக்கொண்டே. "நட."

ஜன்னல் பக்கம்

ஆபீசர் பெரியவர். மூக்குக் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டுப் புத்தகத்தைப் பார்த்தார், ஜுமாவைப் பார்த்தார், மறுபடி புத்தகத்தைப் பார்த்தார். மாமா பேச ஆரம்பித்தார். கன்னடம் அவருக்குத் தண்ணீர் பட்ட பாடு; அன்று வார்த்தைகள் ஒன்றின்மேல் ஒன்று மோதிக்கொண்டு வந்தன.

"நீங்களே வெளுக்க வெச்சீங்களா? ஏன்ரீ?"

"எல்லாருக்கும் செய்யறதுதான் சார். நல்லா இருக்கட்டுமேன்னு..."

"கவர்மென்ட் போட்டோவுக்குமா?"

"பழக்க தோஷம் சார்."

ஆபீசர் நெகட்டிவை எடுத்துக்கொண்டு ஜன்னலுக்குப் போனார். மாமா கூடவே போய், எங்கெங்கே பென்சில் என்று சுண்டுவிரலால் காட்டினார்.

"நிம்து யாவ ஊரு?"

மாமா எச்சில் விழுங்கினார். "ஹனூர் பக்கம் சார். தமிழ்க்காரங்க."

ஆபீசர் கண்ணாடியை இறக்கிவிட்டுக்கொண்டு அவரையே உற்றுப் பார்த்தார்.

"எங்க அக்கா மகளுக்குக் கல்யாணத்துக்குன்னு ஒருத்தன் போட்டோ எடுத்தானே, அது நீங்கதானா?"

"இருக்காது சார்!"

"மாப்பிள்ளை வீட்டுக்காரங்க நேர்ல வந்து பார்த்துட்டு, பொண்ணை மாத்திட்டீங்கன்னு சண்டைக்கே வந்துட்டாங்க!"

அவரே முதலில் சிரித்தார். அறையில் இருந்த கிளார்க்குகள் சிரித்தார்கள். மாமா சிரித்தார். ஜுமாவும் உதட்டைக் கையால் பிடித்துக்கொண்டு சிரித்தான். பழைய படத்தைப் பிய்த்துவிட்டுப் புதுப் படத்தை ஒட்டி, பாதி படத்தின்மேலும் பாதி தாளின்மேலும் விழுகிற மாதிரி முத்திரை குத்தினார் ஆபீசர். புத்தகத்தை ஜுமாவிடம் நீட்டும்போது, "கூட்டம் இருக்கிற இடத்துக்கெல்லாம் போகாதே, ஜாக்கிரதையா இரு" என்றார். நல்ல மனசோடுதான் சொன்னார்.

எது முதலில்

வெளியே வந்ததும் எனக்குக் கால் தரையில் இல்லை. ரோட்டோர ஓட்டலில் நின்றுகொண்டே மசால் தோசை சொன்னேன். பேசினேன், பேசிக்கொண்டே இருந்தேன். பார்த்தாயா, ஒரு பென்சில்! ஒரு பென்சில் கோட்டால் எவ்வளவு பெரிய அனர்த்தம்! படம் சரியாக இருந்திருந்தால் உன்னை விட்டிருப்பார்கள். இனி உன் சிநேகிதர்கள் எல்லாரையும் கூட்டிக்கொண்டு வா, எல்லாருக்கும் சரியான படம் எடுத்துவிடலாம், இனி ஒருத்தருக்கும் இந்தக் கதி வராது...

ஜுமா தோசையைச் சின்னச் சின்னதாகப் பிய்த்துக்கொண்டிருந்தான்.

"கலா" என்றான். "அவங்க என்னை அடிச்சு முடிச்ச பிறகுதான் புத்தகத்தைத் திறந்தாங்க."

எனக்கு முதலில் விளங்கவில்லை.

"பேர் கேட்கல. புத்தகம் கேட்கல. நான் எடுத்துக் குடுக்கப் போனேன். பாக்கெட்ல கையை விடறேன்னு அதுக்கும் அடி. எல்லாம் முடிஞ்சு, பர்ஸ் கிடைச்சிடுச்சுன்னு ஆள் வந்து சொன்ன பிறகுதான் படத்தைப் பார்த்தாங்க. அடிச்சதுக்கு ஏதாவது காரணம் வேணுமில்ல?"

மாமா வாயில் வைத்த தோசையை மெல்லாமல் நின்றார். நான் காலையிலிருந்து அந்தக் கதையை எனக்குப் பிடித்த வரிசையில் அடுக்கி வைத்திருந்தேன். அதில் படம் முதலில் இருந்தது, அடி பின்னால் இருந்தது. அப்படி இருந்தால் என்னால் சரி செய்ய முடியும்.

"டாக்டர்கிட்டப் போனியா?" என்று கேட்டார் மாமா.

"நேத்துப் போனேன். முதுகைப் பார்த்தார். ஒண்ணும் தெரியலையேன்னார். சீட்டுல காயம் இல்லைன்னு எழுதிட்டார்."

"எங்கே அடிச்சாங்க?"

"முதுகுலதான்."

தோசைக்குக் காசைக் கொடுத்துவிட்டு மூவரும் நடந்தோம். ஸ்டூடியோவுக்கு வந்ததும் மாமா என்னை வெளியே நிற்கச் சொல்லிவிட்டு, ஜுமாவை உள்ளே கூட்டிக்கொண்டு போனார். கீழே ஊதுவத்திக் கடையில் யாரோ விலை பேசிக்கொண்டிருந்தது கேட்டது. கதவு திறந்தபோது மாமாவின் முகம் ஒரு மாதிரியாக இருந்தது.

"இருக்கு கலா. வரி வரியா இருக்கு. கையை வெச்சாத் தெரியுது." தன் உள்ளங்கையையே பார்த்துக்கொண்டார். "கண்ணுக்குத்தான் தெரியல."

வெள்ளைத் தோலில் என்றால் ரத்தம் கட்டியது நீலமாகத் தெரிந்திருக்கும். டாக்டர் நிறத்தைத் தேடியிருக்கிறார். தடவிப் பார்க்கவில்லை.

எனக்கு மறுபடி மண்டைக்குள் பரபரப்பு. இந்தத் தடவை குதிக்கவில்லை. மெதுவாகச் சொன்னேன். பௌர்ணமியன்று நிலா தோசைக்கல் மாதிரி தட்டையாகத் தெரியும். வெளிச்சம் நேரே விழுவதால் மேடும் பள்ளமும் தெரியாது. பாதி நிலாவில் வெளிச்சம் பக்கவாட்டில் விழும். ஒவ்வொரு மேட்டுக்கும் நிழல் விழுந்து எல்லாம் எழுந்து நிற்கும். முதுகுக்கும் அதுதான். எதிரே இருக்கிற விளக்குகளை அணைத்துவிட்டு, கிழக்கு ஜன்னலிலிருந்து காலை வெயிலை மட்டும் சாய்வாக விழவிட்டால், ஒவ்வொரு வரியும் படத்தில் வரும். அதோடு புகார் எழுதலாம். டாக்டர் சீட்டுக்குப் பதில் அது பேசும்.

"புத்தகம் கைக்கு வந்தாச்சு" என்றார் மாமா. "பரீட்சை எழுதட்டும், ஊர் போய்ச் சேரட்டும். பிட்டுபிடு கலா, விட்டுடு. போலீஸ் மேல புகாரா? இவனைத்தான் மறுபடி தேடி வருவாங்க."

இருவரும் ஜுமாவைப் பார்த்தோம். அவன் பர்மிட் புத்தகத்தைத் திறந்து, முத்திரை காய்ந்துவிட்டதா என்று விரலால் தொட்டுப் பார்த்துக்கொண்டிருந்தான்.

"முதுகை எடுத்தா," என்று கேட்டான், "முகம் தெரியுமா?"

"தெரியாது. பயப்படாதே. யார் முதுகுன்னே தெரியாம எடுத்துடலாம்."

"தெரியணும்."

மாமா அவன் பக்கம் திரும்பினார்.

"வெறும் முதுகுன்னா யாரோட முதுகு இதுன்னு கேட்பாங்க" என்றான் ஜுமா. "நான் திரும்பிப் பார்க்கிறேன். ரெண்டும் ஒரே படத்துல வரணும். முடியுமா?"

முடியுமா என்று எனக்குத் தெரியவில்லை. முதுகுக்கு வேண்டியது ஒரே பக்கத்து வெளிச்சம். திரும்பிய முகம் அப்போது முழு நிழலில் விழும். முகத்துக்கு விளக்கைப் போட்டால் முதுகின் வரிகள் அழிந்துவிடும். மாமா ஸ்டூலை ஜன்னல் பக்கம் நகர்த்தி, தானே அதில் முதுகைக் காட்டி உட்கார்ந்து, கழுத்தைத் திருப்பிப் பார்த்தார். "இன்னும் கொஞ்சம் சாய்ச்சுப் போடணும்" என்றார். பிறகு மூலையிலிருந்து ஒரு தெர்மாகோல் அட்டையை எடுத்து என்னிடம் நீட்டினார். ஜன்னல் வெளிச்சத்தை அதில் வாங்கி முகத்துக்கு மட்டும் திருப்ப வேண்டும், முதுகில் ஒரு பொட்டு சிந்தக்கூடாது.

"சட்டை இல்லாம உட்காருவான். நீ இங்க இருக்கலாமா?" என்றார்.

"பின்னே அட்டையை யார் பிடிக்கிறது மாமா?"

மாமா ஜுமாவிடம், "காலைல ஏழு மணிக்கு வெயில் வந்துரும் தம்பி. அதுக்கு முன்னால வந்துரு" என்றார்.